பூஜ்யம் வேறு, காலி வேறு

நான் பிரிண்டர் பழுது பார்ப்பவள் அல்ல. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், ஈப்போ நகரில் கணினி நிரல் எழுதும் கம்பெனியில் பாதி ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் நாங்கள் குடியிருக்கும் தமானில் யாருக்காவது வைஃபை கிடைக்கவில்லை என்றால் என் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுகிறார்கள். போன தீபாவளிக்கு என் நாத்தனார் ஒரு பழைய பிரிண்டரைக் காடியில், அதாவது காரில், போட்டுக் கொண்டுவந்து வரவேற்பறையில் இறக்கி வைத்தார். "நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாத்தே" என்றார். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்தது பிரிண்டரால் அல்ல. பழைய ஆபிஸிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் படிக்க, அந்தக் காலத்தில் எப்படி வேலை பார்த்தோம் என்று ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்கள். இப்போது ஒரு புது மென்பொருள் வந்திருக்கிறதாம். நிரலையும் அதுவே எழுதுகிறது, அந்த நிரல் சரியா என்று பார்க்கும் சோதனையையும் அதுவே எழுதுகிறது. சோதனை தோற்றால் அதையும் அதுவே சரி பண்ணிவிடுகிறது.

எப்படிச் சரி பண்ணுகிறது என்று கேட்டேன். இருங்கள், திரையில் பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துவிட்டுச் சொன்னார்கள். வர வேண்டிய விடை என்று எழுதியிருந்ததை, வந்த விடைக்கு ஏற்றபடி மாற்றிவிடுகிறதாம்.

தலையில் அடித்துக்கொண்டேன். பிள்ளை தப்பாக எழுதினால் வாத்தியாரின் விடைப் புத்தகத்தைத் திருத்துவது போல இருக்கிறது இது. எழுதித் தருகிறேன் என்றேன். எரிச்சலில் ஒப்புக்கொண்ட வேலை. எரிச்சல் தீரும் முன்னாலேயே எழுதி முடித்துவிட வேண்டும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். தோட்ட முதலாளி நிலத்தை வீடு கட்ட விற்றபோது அப்பா எங்களை ஈப்போவுக்குக் கொண்டுவந்தார். டிப்ளோமா முடித்து, ஒரு ஆபிஸில் தகவல்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் நிரல் எழுதப் படித்தேன். பிறகு இந்தக் கம்பெனி. அலங்கார மீன் விற்கும் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபிஸ். நாள் முழுக்கக் கீழேயிருந்து மீன் தொட்டிகளின் மோட்டார் சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

எங்கள் பகுதிக்குத் தலைவர் ஜமால் அண்ணே. அவர் குடும்பம் பழைய டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் கணினிக்கு வந்துவிட்டார். வெள்ளை முழுக்கைச் சட்டைதான் எப்போதும். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் "தயவுசெய்து" என்ற வார்த்தை வரும். அவர் வாயிலிருந்து அது வந்தால் நாங்கள் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்காருவோம். நாம் வேலை செய்யும்போது சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் பழக்கம் வேறு. அத்தர் வாசனை வைத்துத்தான் வந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வாசனை வந்ததும் நன்றாகத் தட்டிக்கொண்டிருந்த விரல் தப்பாகத் தட்டும். நான் இதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். "அப்ப விரல்லதான் கோளாறு" என்றார்.

யூனிட் டெஸ்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிரலுக்குள் சின்னச் சின்னக் கணக்குகள் இருக்கும். கூட்டல், கழித்தல் மாதிரி. அந்தக் கணக்குக்கு, விடை நமக்கு முன்பே தெரிந்த எண்களைக் கொடுத்து, அதே விடை வருகிறதா என்று பார்க்க இன்னொரு குட்டி நிரல் எழுதி வைப்போம். வந்தால் திரையில் பச்சை. வராவிட்டால் சிவப்பு. எதை மாற்றினாலும் இந்தச் சோதனைகளை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவோம்.

நான் சேர்ந்த புதிதில், எண்ணெய் எடுக்கச் செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரிகளை எடை போடும் நிரல் ஒன்று செய்தோம். நிறைந்த லாரியின் எடையிலிருந்து வெறும் லாரியின் எடையைக் கழிக்க வேண்டும். இதைவிட எளிய கணக்கு கிடையாது. டெஸ்ட் சிவப்பு. நான் கழித்தலை ஒரு விதமாக எழுதினேன், இன்னொரு விதமாக எழுதினேன், அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். சிவப்பு போகவில்லை. சாயங்காலம் ஜமால் அண்ணே வந்து நின்றார். ஒரு தாளை எடுத்துக் கையால் கழித்துப் பார்த்தார். "ஓ, நான் எழுதிவெச்ச விடைதான் தப்பு" என்று சொல்லிவிட்டுத் தே தண்ணி குடிக்கப் போய்விட்டார். விசைப்பலகையைக் கீழே மீன் தொட்டிக்குள் போட்டுவிடலாமா என்று இருந்தது எனக்கு.

ஆனால் மறுநாள் வந்ததும் எங்களுக்கு ஒரு முறை வகுத்தார். டெஸ்ட் சிவப்பானால் முதலில் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்க வேண்டும். டெஸ்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கணக்கைத் தாளில் கையால் போட வேண்டும். அதைப் பார்க்காமல் இன்னொருவரும் போட வேண்டும். பிறகு, இந்த டெஸ்ட் எதற்காக இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடிந்தால்தான் நிரலைத் தொடலாம், அல்லது டெஸ்டைத் தொடலாம். சொல்ல முடியாவிட்டால் இரண்டையும் தொடக் கூடாது. இரண்டையும் இரண்டையும் கூட்டுகிற டெஸ்டுக்கும் இதே சடங்குதான். வாய்விட்டுப் படிக்கும்போது கீழே மீன் வாங்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பல வருஷம் இதைச் சபித்துக்கொண்டே செய்தேன்.

இப்போது தாப்பா என்ற ஊரில் நடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தாப்பாவில் ஒரு சின்ன தனியார் டயலிசிஸ் மையத்துக்கு நாங்கள் நிரல் செய்து கொடுத்திருந்தோம். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு உடம்பில் நீர் தங்கிவிடும். இயந்திரம் அதை எடுக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது? வந்ததும் நோயாளியை எடை போடுவார்கள். உடம்போடு சேர்ந்து எடை மேடையில் ஏறிய சக்கர நாற்காலி, தடி போன்ற கூடுதல் சாமான்களின் எடையை அதிலிருந்து கழிப்பார்கள். பிறகு, உபரி நீர் இல்லாதபோது அவருக்கு இருக்க வேண்டிய எடையைக் கழிப்பார்கள். மிச்சம்தான் எடுக்க வேண்டிய நீர். இரண்டு கழித்தல். எங்கள் நிரல் செய்தது அவ்வளவுதான்.

அந்த மையத்தின் மூத்த மிஸ்ஸி சாந்தா. அங்கே நர்ஸுகளை மிஸ்ஸி என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் அவர் போன் செய்து நியாயமான ஒரு குறையைச் சொன்னார். கூடுதல் சாமான் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் நிரல் விடை தருவதில்லை. முக்கால்வாசிப் பேர் கையை வீசிக்கொண்டு வருகிறவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பூஜ்யம் தட்ட வேண்டியிருக்கிறது. காலையில் வரிசையில் ஆள் நிற்கும்போது இது தொல்லை. காலியாக விட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளட்டுமே.

சரி என்று நிரலை மாற்றினேன். சோதனைகளை ஓட்டினேன். எல்லாம் பச்சை, ஒன்றே ஒன்று சிவப்பு. கையை எடுத்தேன். வாய்விட்டுப் படித்தேன். கூடுதல் எடை காலியாக இருந்தால் விடை தரக் கூடாது என்று இருந்தது. ஏன் தரக் கூடாது என்று ஒரு வரி இல்லை. யார் எழுதியது என்று பார்த்தேன். ஜமால் அண்ணே.

அவரிடம் போய், இதை எதற்காக எழுதினீர்கள் என்று கேட்டேன். திரையைக் குனிந்து பார்த்தார்.

"நானா எழுதினேன்?"

"உங்க பேருதான் இருக்கு அண்ணே."

"எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார். பிறகு, "பழசு. அவங்களே காலியா விடலாம்னு கேக்குறாங்க. டெஸ்ட மாத்திடு" என்றார்.

நான் மாற்றவில்லை. ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்ல முடியாவிட்டால் தொடக் கூடாது என்பது நான் வைத்த சட்டமில்லை. அதை அவருக்கே ஒப்பித்தேன். காரணம் சொல்ல வேண்டியவர் நீங்கள், சொல்லுங்கள், மாற்றுகிறேன் என்றேன். அவருக்குக் குரல் இறங்கியது. வாடிக்கையாளர் கேட்பதுதான் காரணம் என்றார். அது நிரலை மாற்றக் காரணம், டெஸ்ட் எழுதியதற்குக் காரணம் இல்லை என்றேன். இப்படியே அந்த வாரம் போனது. காலையில் ஒரு தடவை, பசியாறிவிட்டு வந்து ஒரு தடவை, வீட்டுக்குப் போகும்போது மாடிப்படியில் ஒரு தடவை. ஒரு மனிதர் தானே எழுதியதை ஏன் எழுதினேன் என்று சொல்ல முடியாமல், அதை அழிக்க மட்டும் இவ்வளவு உறுதியாக இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலாளி தேதி கொடுத்துவிட்டார் என்று கடைசியில் சொன்னார். "தயவுசெய்து" என்றும் சொன்னார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டேன். அவரே உட்கார்ந்தார். டெஸ்டை அழிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. இதை ஓட்டாமல் தாண்டிப் போ என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். திரையில் அந்த ஒரு வரி சிவப்பும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் சாம்பல் நிறமாகிவிட்டது. சரி, முதல் நாள் அங்கே ஓடுவதை நானும் வந்து பார்க்க வேண்டும் என்றேன். வாம்மா, பார்த்துவிட்டு நீயே சமாதானம் ஆகிவிடுவாய் என்றார்.

காலையில் அவர் காடியில் போனோம். கோப்பெங், கம்பார், சுண்ணாம்பு மலைகள், எல்லாம் போனது. பசியாற எங்கேயாவது நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை.

மையத்தில் மிஸ்ஸி சாந்தா எங்களைச் சந்தோஷமாக வரவேற்றார். அன்று எடை போட்டது வேறு ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு மிஸ்ஸி. வேலை மளமளவென்று நடந்தது. எடை, தட்டு, விடை. அடுத்தவர். ஜமால் அண்ணே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கோவிந்தன் என்று ஒருவர் வந்தார். கேமரன் மலைக்குப் பல காலம் பஸ் ஓட்டியவர். நீண்ட காற்சட்டை, காலில் மாட்டிய சப்பாத்து, நிதானமான நடை. எடை மேடையில் ஏறி இறங்கினார். நிரல் நாலரை லிட்டர் என்று சொன்னது. புது மிஸ்ஸி தயங்கிச் சாந்தாவைக் கூப்பிட்டார். சாந்தா வந்து எண்ணைப் பார்த்தார், முகம் மாறியது. வழக்கமாக இவருக்கு அதில் பாதிதான் இருக்குமாம்.

"கல்யாணத்துக்குப் போனீங்களாண்ணே?"

"போனேன். ஆனா குடிக்கலம்மா. ரெண்டு மடக்கு மோரு, அவ்வளவுதான்."

"ரெண்டு மடக்கு மோரு ரெண்டு லிட்டர் ஆகுமா லா?"

அவர் மறுபடியும் குடிக்கவில்லை என்றார். சாந்தா கேட்கவில்லை. இதயத்துக்கு ஆகாது, மூச்சு முட்டும், எத்தனை தடவை சொல்வது என்று எல்லாருக்கும் கேட்கும்படி திட்டினார். கோபத்தில் இல்லை, பயத்தில்தான் திட்டினார் என்று தெரிந்தது. அங்கேயே நின்று அவர் மனைவிக்குப் போன் போட்டு, வீட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள் என்று சொன்னார். ஓர் ஆம்பளை அத்தனை பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு படுக்கைக்குப் போனார். புது மிஸ்ஸி படுக்கையைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டு அவருக்கு ஊசி போட்டார். சாந்தா யோசித்து, கொஞ்சம் குறைத்து நாலு லிட்டருக்கு இயந்திரத்தை வைக்கச் சொன்னார்.

"அண்ணே, அவரு நிஜமாவே குடிக்கலன்னா?" என்று ஜமால் அண்ணேயிடம் கேட்டேன்.

எல்லா நோயாளிகளும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

நாங்கள் கிளம்பியிருக்கலாம். மற்ற நோயாளிகளின் பதிவுகளில் சில்லறைச் சந்தேகங்கள் இருந்ததால் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் நெருங்கும்போது கோவிந்தன் அண்ணே கொட்டாவி விட ஆரம்பித்தார். பிறகு கெண்டைக்கால் இழுக்கிறது என்றார். முகமெல்லாம் வேர்த்தது. கண் இருட்டுகிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இயந்திரம் கத்தியது. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தது. சாந்தா ஓடிவந்து நீர் எடுப்பதை நிறுத்தினார், தலைமாட்டை இறக்கினார், குழாய் வழியாக உப்பு நீரைத் திரும்பக் கொடுத்தார். ரத்தம் தலைக்குப் போக வேண்டும் என்று கால்களைத் தூக்கப் போர்வையை இழுத்தார்.

வலது பக்கம் முட்டிக்குக் கீழே ஒன்றும் இல்லை.

சாந்தா இருந்த காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துவிட்டு, அப்படியே திரும்பினார்.

"காலுக்கு எவ்வளவு போட்டே?"

"எந்தக் கால் மிஸ்ஸி?" என்றார் புது மிஸ்ஸி.

சர்க்கரை வியாதியில் கோவிந்தன் அண்ணே ஒரு காலை இழந்து வருஷமாகிறது. செயற்கைக் காலில் அவ்வளவு நன்றாக நடப்பார். படுத்த பிறகு அதைக் கழற்றிப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைப்பது அவர் வழக்கம். பழைய நிரலில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடை வராது, ஆகவே எடை போடுகிறவர் யாராக இருந்தாலும் கூட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். கேட்டால் அவர் கால் என்று சொல்வார். இன்று யாரும் கேட்கவில்லை. விடை வந்துவிட்டதால் கேட்டிருப்பார்கள் என்று சாந்தா பழக்கத்தில் நினைத்துவிட்டார். காலியாக விடலாமா என்று கேட்டதே தான்தான் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

கோவிந்தன் அண்ணே கண் திறந்து பேசினார், அழுத்தமும் மேலே வந்தது. பிறகு ஜமால் அண்ணே போய் நாற்காலிக்குப் பின்னாலிருந்து அந்தக் காலை எடுத்தார். சப்பாத்தோடு சேர்த்து அதை எடை மேடையில் நிறுத்தினார். இரண்டு கிலோவும் சொச்சமும் காட்டியது. அந்த மனிதர் குடித்ததாகத் திட்டு வாங்கிய தண்ணீர் அதுதான். ஜமால் அண்ணே எண்ணையே பார்த்துக்கொண்டு, கீழே விழுந்துவிடாமல் அந்தக் காலைப் பிடித்தபடி நின்றார்.

காடிக்குப் போகும்போது எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒரு வாரமாகச் சேர்த்து வைத்தது. ஒன்றைத்தான் கேட்டேன்.

"இப்பவாவது ஞாபகம் வந்துச்சா அண்ணே, ஏன் எழுதினீங்கன்னு?"

அவர் காடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார்.

"இல்லம்மா" என்றார். "இப்பவும் வரல."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் எழுதிய காரணம் இன்றுவரை தெரியாது. யாரோ அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது எதையோ பார்த்திருக்க வேண்டும். ஒருநாள் தெளிவாக யோசித்து அதை எழுதி வைத்துவிட்டு, முழுக்க மறந்துபோயிருக்கிறார். அவர் மறந்த பிறகும் அந்த டெஸ்ட் சொல்லிக்கொண்டே இருந்தது. பூஜ்யம் என்றால் கேட்டார்கள், ஒன்றும் இல்லை என்று அர்த்தம். காலி என்றால் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். இது கழித்தலில் தெரியாது. கழித்தலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆபிஸுக்குத் திரும்பியதும் அவர் சேர்த்த சொல்லை அவரே எடுத்தார். சாம்பல் மறுபடியும் சிவப்பானது. நான் நிரலைப் பழையபடி மாற்றினேன். பச்சை. மிஸ்ஸிகளின் தொல்லையும் பொய் இல்லை, அதனால் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்தோம். நாற்காலி, தடி, செயற்கைக் கால் எதுவும் இல்லையா என்று பெயர் சொல்லிக் கேட்கும். பார்த்துவிட்டு ஒரு தடவை அழுத்தினால் போதும். சாந்தாவுக்கு அதிலும் குறை இருந்தது. ஆனாலும் அழுத்தினார். ஜமால் அண்ணே அந்த டெஸ்டுக்கு மேலே காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதினார். அதோடு விட்டாரா? இருந்த எல்லா டெஸ்டுக்கும் நாங்கள் அப்படி எழுத வேண்டும் என்றார். எத்தனையோ நாள் அதையே செய்தோம், அவரைத் திட்டிக்கொண்டே.

அதற்கு முன்னால், அந்த வாரமே, அவர் மறுபடியும் தாப்பாவுக்குப் போனார். நீயும் வா என்றார். கோவிந்தன் அண்ணே வீட்டுக்கு. சாந்தா முன்பே அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாராம். ஆனால் நாம் சொல்ல வேண்டியது தனியாக இருக்கிறது என்றார் ஜமால் அண்ணே.

சின்ன வரிசை வீடு. கோவிந்தன் அண்ணே நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி பாக்கியம் அக்கா உள் வாசலில் சாய்ந்து நின்றார். ஜமால் அண்ணே சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் தண்ணீர் குடிக்கவில்லை, உங்கள் காலைத் தண்ணீர் என்று கணக்குப் போட்டுவிட்டோம், மாற்றியவர்கள் நாங்கள், தப்பு எங்களுடையது, அதிலும் என்னுடையது என்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட ஏன் தம்பி சொல்றீங்க? நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றார் கோவிந்தன் அண்ணே. "இவகிட்ட சொல்லுங்க. அன்னைலேர்ந்து தண்ணிப் போத்தல அலமாரியில வெச்சுப் பூட்டிட்டா."

ஜமால் அண்ணே எழுந்து அக்கா பக்கம் திரும்பினார்.

"மிஸ்ஸி போன் பண்ணிச் சொன்னாங்களே" என்றார் பாக்கியம் அக்கா.

"மிஸ்ஸிக்குத் தப்பான கணக்கக் கொடுத்தது நாங்கக்கா. அண்ணே குடிக்கல."

"ரெண்டு மடக்கு மோருதான்னு இவரு சொன்னாரு. நான் நம்பல."

"அவ்வளவுதான்க்கா குடிச்சாரு."

அக்கா கணவரைப் பார்த்தார். உள்ளே போனார். அடுப்பைப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. கரண்டி கோப்பையில் படும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அரைக் கோப்பை தே ஓ, பால் இல்லாத தேநீர். அவர் எவ்வளவு குடிக்கலாமோ அவ்வளவு. அதைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அவர் ஊதி ஊதி மெதுவாகக் குடித்து முடிக்கும்வரை நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.